பானெட்டைத் திறக்காமச் சொல்லு, மாப்ள

செய்தி வந்தபோது அருள்தாஸ் அண்ணனோடு சண்டை போடத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒத்தக்கடையில் நாம் வழக்கமாகக் கூடும் டீக்கடை. சர்ச்சில் பூசை முடிந்து, வீட்டில் காபி குடித்து, தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு திருவாதவூர்ப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் அவர் கடைக்கு வருவார் என்பது கார்ப் பித்துப் பிடித்த நம் கூட்டத்தார் எல்லோருக்கும் தெரியும். டீ கைக்கு வருமுன் எங்கள் வாதம் தொடங்கிவிடும். அன்றைக்குப் புதிதாக ஒரு பாயிண்ட் கொண்டுபோயிருந்தேன். அப்போது பட்டறைக்காரன் சலீமின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தவன் எழுந்து நின்றான். "வக்கீலண்ணே, அண்ணன் வண்டி புளியமரத்துல போயி..." என்றான். நாங்கள் மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவரைப் பற்றி ஒருவர் எழுத வேண்டும் என்று நம் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அண்ணனின் மனைவி ஸ்டெல்லா டீச்சரிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. நான் உங்ககிட்டச் சொன்னதையும் சேர்த்து எழுதுங்க. ஆளாளுக்கு ஒண்ணு பேசுறதுக்கு இது பரவாயில்ல" என்றார். அவர் சொன்னதால்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

செல்லூரில் அண்ணன் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்திவந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே, இரண்டு அறை. அவருடைய குணத்துக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். ஒருநாள் தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, இரண்டு குப்பியில் ஊற்றி, ஒன்றில் முனியாண்டி என்றும் இன்னொன்றில் செல்வி என்றும் பெயர் ஒட்டி, தன் ஆட்களிடமே சோதனைக்குக் கொடுத்தார். முனியாண்டிக்குச் சர்க்கரை இருந்தது, செல்விக்கு இல்லை. யாரையும் திட்டவில்லை. கருவியைச் சரிபார்க்க ஆள் வரவழைத்து, அந்த வாரம் வந்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார். "உனக்கென்னண்ணே பைத்தியமா, ஊரே உன் லேபைத் தப்பாப் பேசும்" என்றேன். "பேரைப் பார்த்துட்டு ரத்தத்தைப் பார்த்தா, பேருதான் மாப்ள தெரியும்" என்றார்.

எங்கள் சண்டை ஒரு இரும்புக் கம்பியைப் பற்றியது. கார் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்சக்கரத்தின் ஸ்பிரிங்குகள் மேலே வந்து முட்டுகிற இடம் பானெட்டுக்குள் இடமும் வலமும் இரண்டு மேடுகளாக இருக்கும். அந்த இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கம்பி போடுவார்கள். ஸ்ட்ரட் பார் என்று பெயர். வளைவில் வேகமாகத் திருப்பும்போது காரின் உடம்பு லேசாக முறுக்கும்; கால் ஆடுகிற கட்டிலுக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பது போல இந்தக் கம்பி அந்த முறுக்கைக் குறைக்கும் என்பது என் கட்சி. சலீம் தன் பட்டறையில் எனக்கு ஒன்று செய்து போட்டான். போட்ட அன்றே வண்டி வேறு வண்டியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். "ஆடுற கட்டிலுக்குத்தானே சட்டம்? உன் வண்டி ஆடுதுன்னு யாரு சொன்னா?" என்று அண்ணன் கேட்டார். என் வண்டியும் அவர் வண்டியும் ஒரே மாதிரி. அவர் வண்டி ஆடவில்லை என்றால் என் வண்டியும் ஆடாதுதான். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒருநாள் சலீமை டீக்கடையில் வைத்தே குறுக்கு விசாரணை செய்தார். நான் வக்கீல், அவர் லேப்காரர். விசாரித்தது என்னவோ அவர்தான்.

"சலீம், இவன் வண்டிக்குக் கம்பி போட்டப்ப வேற என்ன செஞ்ச?"

"வேற ஒண்ணும் இல்லண்ணே. டயர்ல காத்துக் கம்மியா இருந்துச்சு, அடிச்சுவிட்டேன். சக்கரம் கோணலா நின்னுச்சு, நேராக்கிவிட்டேன். அம்புட்டுத்தான்."

கடையே சிரித்தது. "அடப்பாவி, காத்து செஞ்ச வேலைக்குக் கம்பிக்கு மாலை போட்டிருக்கான்!" என்றார் அண்ணன். எனக்கு அவமானமாகப் போயிற்று. அன்றைக்குத்தான் நம் கூட்டத்தின் வழக்கம் பிறந்தது. வண்டியில் எதை மாட்டினாலும் வேறொருவர் மாட்ட வேண்டும், அல்லது மாட்டாமல் விட வேண்டும். ஓட்டுகிறவனுக்கு அது தெரியக்கூடாது. ஓட்டிவிட்டு வந்து, மூடிய பானெட்டுக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "பானெட்டைத் திறக்காமச் சொல்லு, மாப்ள" என்று அவர் சொல்லும்போது எத்தனை பேர் நெளிந்திருக்கிறோம்! நானே ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு கால் வலி, ஒரு ஞாயிறு பெட்ரோல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பிறகு தேவைப்படும். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கண்மாய்க்கரை மண் பாதையில் மெதுவாகத்தான் போனேன். ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி என் பேச்சைக் கேட்காமல் நேராகச் சறுக்கிப் போய் வயலுக்குள் மூக்கை வைத்தது. பின்னாலேயே வந்த அண்ணன் குடையோடு இறங்கினார். பானெட்டைத் தட்டி, "உள்ள இருக்காரா உங்க கம்பிச் சாமி?" என்றார். இருந்தது. "டயரு ரோட்டைப் பிடிச்சு இழுத்தாத்தான் மாப்ள உடம்பு முறுக்கும். உடம்பு முறுக்குனாத்தான் கம்பிக்கு வேலை. பிடிமானமே இல்லாத இடத்துல அது சும்மா சவாரி வரும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் சேர்ந்துதான் வண்டியைத் தள்ளினார். தள்ளி முடித்தும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மண் பாதையும் தார் ரோடும் ஒன்றா என்று வாதாடினேன்.

அவருடைய கடைசி மாதங்களில் ஓர் ஆச்சரியம் நடந்தது. "எனக்கும் ஒண்ணு செஞ்சு போடு" என்று சலீமிடம் அவரே போய் நின்றார். சலீம் நெகிழ்ந்துபோய்ப் பார்த்துப் பார்த்துச் செய்தான். இரண்டு பக்கத் தட்டும் காரிலேயே இருக்கும்; நடுக் கம்பியை மட்டும் இரண்டு போல்ட்டைத் திருகினால் கழற்றிவிடலாம். கழற்றுகிற மாதிரிதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் என் கணக்கில் வடை.

அந்த ஞாயிறு திருவாதவூர்ச் சாலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அறுவடைக் காலம். வளைவைத் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் அவருக்காக ஒடித்தார். வண்டி நெல்லில் ஏறிச் சறுக்கிப் புளியமரத்தில் போய் மோதியது. அந்த அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை.

மழை விட்டும் தூவானம் விடவில்லை. அடக்கம் முடிந்து, நொறுங்கிய வண்டியைப் பார்க்கப் போன சலீம் இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். "அண்ணே, பானெட்டுக்குள்ள தட்டு ரெண்டும் இருக்கு. கம்பி இல்ல. பிய்ஞ்சு போகல, போல்ட்டை ஒழுங்காக் கழட்டி எடுத்திருக்கு. நான் செஞ்சது சரியில்லைன்னு கழட்டி எறிஞ்சுட்டாரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். எனக்கும் சுருக்கென்றது. நம் கூட்டத்திலேயே சிலர், கம்பி இருந்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார் என்று பேசத் தொடங்கினார்கள். அப்படிப் பேசியவர்களுக்கு அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, ஸ்டெல்லா டீச்சர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர்; தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேடைமேல் வைத்தார். துண்டை விலக்குவதற்கு முன்பே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான் கழட்டினேன் தம்பி" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் ஸ்பேனரோடு கீழே இறங்குவாராம். காசைச் சுண்டுவாராம். தலை விழுந்தால் மாட்டுவது, பூ விழுந்தால் கழற்றுவது. எதைச் செய்தார் என்று சொல்லமாட்டார். அண்ணன் ஓட்டிவிட்டு வந்து சொல்ல வேண்டும். நம்மிடம் சொல்லாமல் இருவரும் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட விளையாட்டு அது. முடிவு தெரிந்ததும் டீக்கடையில் என் மானத்தை வாங்குவதாகத் திட்டம்.

"அவரு போன மாசமே போதும்னாரு. இம்புட்டு வச்சு முடிவு சொல்ல முடியாது, இன்னும் கொஞ்ச வாரம் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். அன்னைக்குப் பூ விழுந்துச்சு." கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தலை விழுந்திருந்தா இது வண்டில இருந்திருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். இந்தக் கம்பியில ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"போன மாசம் வரைக்கும் இருந்துச்சே? இதே வீட்டுல உக்காந்து, கம்பி இருந்தா வளைவுல கோடு போட்ட மாதிரிப் போகும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப எனக்காக ஒண்ணுமில்லையா? எனக்கு ஆறுதல் வேணாம் தம்பி. தெரிஞ்சதைச் சொல்லுங்க."

வாதாடிப் பிழைக்கிறவன் நான். விபத்து வழக்குகளில் எதிர்க்கட்சி சாட்சியைத் திணறடித்திருக்கிறேன். அன்றைக்கு என் பழைய பேச்சே எனக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. அண்ணன் உயிரோடு இருந்தவரை ஒரு தடவையாவது அவரை ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன், அந்த அடுப்படியில் நின்று, கடவுளே நான் தோற்றுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் தோற்றேன் என்று சும்மா சொன்னால் டீச்சர் நம்பப்போவதில்லை. பானெட்டைத் திறக்காமல் சொல்லும், அண்ணன் சொன்ன வழி ஒன்றுதான் இருந்தது.

என் வண்டியில் போனோம். டீச்சர், சலீம், நான். எங்கே என்று கேட்டதற்கு, "அதே ரோடு" என்றார் டீச்சர். நெல் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்து ரோடு வெறிச்சென்று கிடந்தது. நான் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். டீச்சர் காசைச் சுண்டுவார், சலீம் மாட்டுவான் அல்லது கழற்றுவான், பானெட் சாத்துகிற சத்தம் கேட்கும். பிறகு நான் தனியாக அந்த வளைவுகளில் போய் வர வேண்டும். முதல் தடவை வந்து இறங்கியதும், "இருக்கு. சத்தியமா இருக்கு" என்றேன். கையிலேயே தெரிந்தது எனக்கு, அவ்வளவு நிச்சயம். சலீம் பானெட்டைத் தூக்கினான். இல்லை.

வெயில் ஏறும்வரை ஓட்டினேன். சிலது சரியாகச் சொன்னேன், சிலது தப்பாக. கடைசியில் டீச்சர் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வண்டியே ஓட்டாம காசைச் சுண்டியிருந்தாலும் இம்புட்டு வந்திருக்கும்" என்றார். இத்தனை வருஷம் நான் வளைவில் அனுபவித்த சுகமெல்லாம், கம்பி உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வந்த சுகம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. டீச்சருக்கு இறங்கவில்லை.

"உங்களுக்குத் தெரியல, சரி. வண்டிக்குத் தெரியுமோ என்னவோ? அவரு ஒடிச்ச அந்த ஒடிப்புல, ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா மரம் தப்பியிருக்கும்ல?"

அதற்குள் எங்களைப் பார்த்துவிட்டு வயலிலிருந்து ஒரு அம்மா தலையில் துண்டோடு ஏறி வந்தார். டீச்சரை அடையாளம் கண்டதும் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நெல் துழாவிய அம்மா அவர்தான். பெயர் பாண்டியம்மா.

"என்னாலதாம்மா. என் நெல்லுனாலதான். நான் களத்துல கொட்டாம ரோட்டுல கொட்டுனேன். உங்க வீட்டுக்கு வரணும்னு நெனப்பேன், காலு வர மாட்டேங்குது" என்று அழுதார். டீச்சர் அவருக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார். பிறகு டீச்சர் கேட்டார்: "வண்டி எப்படிப் போச்சு? நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க."

"நெல்லு வரைக்கும் நல்லாத்தாம்மா வந்துச்சு. என்னையப் பாத்து அந்தப் பக்கம் ஒடிச்சாரு. நெல்லுல ஏறுனதும் முன்சக்கரம் ரெண்டும் மரத்தை விட்டுத் திரும்பித்தான் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். வண்டி திரும்பல. நெல்லு மேல வழுக்கிக்கிட்டு நேராப் போச்சு."

சக்கரம் திரும்பியிருந்தது, வண்டி திரும்பவில்லை. கண்மாய்க்கரையில் என் வண்டி செய்ததும் அதேதான், கம்பி உள்ளே இருக்கும்போதே. அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். டயர் ரோட்டைப் பிடித்து இழுத்தால்தான் கம்பிக்கு வேலை. நெல்லில் பிடிமானம் இல்லை. பிடிமானம் இல்லாத இடத்தில் கம்பி இருந்திருந்தால் அதுவும் சும்மா சவாரிதான் வந்திருக்கும். "இது நான் உங்களுக்காகச் சொல்றது இல்ல டீச்சர். எனக்கு எதிரா அண்ணன் சொன்னது. அன்னைக்கு நான் ஒத்துக்கல. இன்னைக்கு ஒத்துக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை அவர் இல்லாத இடத்தில் சொல்கிறேன்.

"முழுசாச் சந்தேகம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர்.

"சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம்ல டீச்சர்?"

"அது குற்றம் சாட்டப்பட்டவங்களுக்குத்தானே குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பாண்டியம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். "ரெண்டு பேருக்கும் சேர்த்தே குடுத்துருங்க." பிறகு அவரிடம், "அடுத்த போகத்துக்கு ரோட்டுல கொட்டாதீங்க" என்றார். வகுப்பில் சொல்கிற அதே குரல். பாண்டியம்மா தலையை ஆட்டினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியவர் சலீமிடம் கையை நீட்டி ஸ்பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வண்டிய இங்க கொண்டாங்க தம்பி."

"எதுக்கு டீச்சர்? அதான் பாத்துட்டோமே."

"ஒருநாள் பாத்தது பத்தாது. அப்புறம், நான் கடைசியா ஸ்பேனரைத் தொட்டது அன்னைக்குத்தான்னு இருக்கக் கூடாது. காபி போட்டு வைக்கிறேன். மெதுவா ஓட்டிட்டு வந்து சொல்லுங்க."

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய குடை என்னிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கவில்லை. வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற பழக்கம் வந்திருக்கிறது. "தெரியலைன்னு சொல்றதுக்கு ஏன் மாப்ள கூச்சப்படுற?" என்று அவர் கேட்ட கேள்வி, கோர்ட்டில் எழுந்து நிற்கும்போதெல்லாம் காதில் விழுகிறது. என் தொழிலுக்கு அது நல்லதில்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு ஞாயிறு. டீச்சர் வீட்டுக் கூடத்தில் அண்ணன் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன். கீழே பானெட் சாத்துகிற சத்தம் கேட்டது. கைகளைத் துடைத்துக்கொண்டே டீச்சர் மேலே வந்தார். திருவாதவூர் வரை போய், பாண்டியம்மா வீட்டு முன்னால் ஒரு ஹார்ன் அடித்துவிட்டு, திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். உள்ளே கம்பி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்த ஒருவர் படியில் நின்று காத்துக்கொண்டிருக்கிறார். நான் போய்ச் சொல்ல வேண்டும்.